சொல்லத் துணிந்த சாட்சி: ஹாரியட் ஜேக்கப்ஸ்



நம் சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. நோய் நீங்கிற்று, வேலை கிடைத்தது, கடன் அடைந்தது, பிள்ளைக்கு வரன் அமைந்தது என்று விசுவாசிகள் எழுந்து நின்று சொல்லுவார்கள். சபை ஸ்தோத்திரம் சொல்லும். அவற்றைக் குறைவாக எண்ணி இதை நான் எழுதவில்லை. ஆயினும் என் ஊழிய ஆண்டுகளில் நான் கண்ட ஒன்றுண்டு. வீட்டின் உள்ளறையில் நடந்த பாடுகள் ஒலிபெருக்கிக்கு முன்னால் வருவதில்லை. அவை போதகர் வீட்டுத் திண்ணையில், பொழுது சாய்ந்த பிறகு, குரல் தாழ்த்திச் சொல்லப்படுகின்றன. சொல்லி முடித்ததும், "ஐயா, இது உங்களோடு இருக்கட்டும்" என்ற வேண்டுகோளும் வரும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு சேகரத்தில், பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்த தாயார் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள் நோட்டுப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்தார். தம் வாழ்க்கையை எழுதியிருந்தார். "என்னைப்போலச் சிக்கிக்கொண்ட ஒரு பெண்பிள்ளைக்கு இது உதவுமென்றால் அச்சிடலாமா, ஐயா?" என்று கேட்டார். நான் இரண்டு இரவுகள் அதைப் படித்தேன். நடுவே ஒரு பகுதி இருந்தது. அது என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அம்மா, மற்றதெல்லாம் நன்றாயிருக்கிறது. அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். படிக்கிறவர்கள் உங்களைத் தவறாக எண்ணிவிடுவார்கள்" என்றேன். அவர் தலையசைத்து நோட்டை வாங்கிக்கொண்டு போனார். நல்ல ஆலோசனை சொன்னதாகவே பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

கடந்த கோடையில் ஒரு பழைய அமெரிக்க நூலைப் படிக்க நேர்ந்தது. அதிலே ஒரு போதகர் வருகிறார். நல்ல மனிதர். அவரும் ஏறத்தாழ நான் சொன்னதையே ஒரு பெண்ணிடம் சொல்லுகிறார். அந்தப் பக்கத்திற்கு வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இவ்வாரம் அந்த நூலைக் குறித்தும், அதை எழுதியவரைக் குறித்தும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஹாரியட் ஜேக்கப்ஸ் 1813-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஈடன்டன் என்னும் துறைமுகச் சிற்றூரில் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தார். தகப்பனார் தேர்ந்த தச்சர். ஆறு வயதில் தாயை இழந்தபோதுதான் தாம் ஓர் அடிமை என்பதே அக்குழந்தைக்குத் தெரியவந்தது. அவருடைய முதல் எஜமானி அவருக்கு எழுத்தும் வாசிப்பும் தையலும் கற்பித்தார், வேதவசனங்களையும் கற்பித்தார். எஜமானி 1825-இல் இறந்தபோது, தம்மை விடுதலை செய்திருப்பார் என்று சிறுமி நம்பியிருந்தார். உயிலைப் படித்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைப்போல அவரும் எஜமானியின் உறவினரான மூன்று வயதுக் குழந்தைக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தார். பிறனை நேசிக்கும்படி தமக்குக் கற்றுக்கொடுத்தவர், தம்மை ஒரு பிறனாக எண்ணவில்லை போலும் என்று ஹாரியட் பின்னாளில் எழுதினார். கசப்பைக் கொட்டாமல் அவர் எழுதிய அந்த வாக்கியம், வேதம் கற்பிக்கிற நம்மில் எவரையும் நிம்மதியாக உட்காரவிடாது.

அந்தக் குழந்தையின் தகப்பனார் ஜேம்ஸ் நார்காம் என்ற மருத்துவர். ஊரில் மதிப்புள்ளவர். ஹாரியட்டைவிட முப்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். ஹாரியட் பதினைந்து வயதை எட்டியதும் அவர் தொல்லை தொடங்கிற்று. காதில் அசுத்தமான பேச்சு, துண்டுச் சீட்டுகள், மிரட்டல், பிறகு ஊருக்கு வெளியே தனி வீடு கட்டித்தருவதாகச் சொல்லி வற்புறுத்தல். சட்டம் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. மருத்துவரின் மனைவியோ கணவன்மேலிருந்த கோபத்தையும் இந்தப் பிள்ளையின்மேல் கொட்டினார்.

இந்த நெருக்கத்தில் ஹாரியட் எடுத்த முடிவுதான் அவர் வாழ்நாள் முழுவதும் சுமந்த இரகசியம். சாமுவேல் சாயர் என்ற, திருமணமாகாத வெள்ளைக்கார வழக்கறிஞர் அவரிடம் பரிவு காட்டினார். பின்னாளில் அமெரிக்கக் காங்கிரஸின் உறுப்பினரானவர் இவர். வேறொரு மனிதரின் பிள்ளை தம் வயிற்றில் இருக்கிறதென்று அறிந்தால் நார்காம் ஆத்திரங்கொண்டு தம்மை விற்றுவிடுவார், சாயர் வாங்கிக்கொள்வார் என்று அந்தப் பதினாறு வயதுப் பெண் கணக்கிட்டார். தெரிந்தே சாயரோடு உறவு கொண்டார். இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள்: 1829-இல் ஜோசப், 1833-இல் லூயிசா. ஆனால் நார்காம் விற்கவில்லை. அந்நாட்டுச் சட்டப்படி தாயின் நிலையே பிள்ளையின் நிலை. ஆகவே தகப்பன் வெள்ளையராயிருந்தும் இரு குழந்தைகளும் நார்காம் குடும்பத்தின் உடைமையாயின.

ஹாரியட்டின் பாட்டியார் மாலி ஹார்னிப்ளோ ஒரு பெரிய மனுஷி. அடிமையாயிருந்தபோதே எஜமானியின் வீட்டுவேலை முடிந்தபின் இரவிலே பிஸ்கட் சுட்டு விற்று, தம் பிள்ளைகளை மீட்பதற்காகக் காசு சேர்த்தவர். அப்படிச் சேர்ந்த 300 டாலரை எஜமானி கடனாகக் கேட்டு வாங்கினார். அது திரும்பி வரவேயில்லை என்று நூல் சொல்லுகிறது. பின்பு விடுதலை பெற்றுத் தமக்கென்று வீடும் வைத்துக்கொண்டார். ஊரார் அவர் பக்திக்குத் தலைவணங்கினார்கள். பேத்தி கருவுற்றிருக்கும் செய்தி காதில் விழுந்தபோது, அந்தப் பக்தியுள்ள பாட்டியார் பேத்தியின் விரலிலிருந்து அவளுடைய தாயின் திருமண மோதிரத்தையும், தைக்கும்போது அணியும் வெள்ளி விரலுறையையும் கழற்றிக்கொண்டு, வீட்டைவிட்டு வெளியே போகச் சொன்னார். சில நாட்களுக்குப்பின் ஹாரியட் சொல்லியனுப்பி, அவர் வந்தார். பேத்தி பல ஆண்டுகளாக நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். "மன்னித்தேன்" என்று பாட்டியார் சொல்லவில்லை. கண்ணீரோடு பார்த்து, தலையிலே கையை வைத்து, ஐயோ பாவம் என்று மட்டும் சொன்னார். உண்மையைக் கேட்டவர்களில் அவர்தான் முதல்வர்.

1835-இல், பிள்ளைகளைத் தோட்ட வேலைக்கு அனுப்ப நார்காம் திட்டமிட்டபோது, தாம் மறைந்துபோனால் அவர் சலித்துப் பிள்ளைகளை விற்றுவிடுவார் என்று எண்ணி ஹாரியட் தப்பியோடினார். நார்காம் பத்திரிகையில் 100 டாலர் வெகுமதி அறிவித்தார். அந்த விளம்பரம் இன்றும் இருக்கிறது. வயது 21, உயரம் இவ்வளவு, நிறம் இப்படி என்ற அடையாளங்களுக்கிடையே, இவள் தடங்கலின்றிச் சரளமாகப் பேசுகிறவள் என்றும் நார்காம் எழுதியிருக்கிறார். அந்தச் சரளம் ஒருநாள் தம்மைப்பற்றியே பேசும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார். பிள்ளைகளை ஒரு வியாபாரியின் மூலம் சாயர் வாங்கிக்கொண்டார். அவ்வளவில் ஹாரியட்டின் கணக்குப் பலித்தது.

ஹாரியட்டோ எங்கும் போகவில்லை. பாட்டியார் வீட்டை ஒட்டிய சாமான் கொட்டகையின் மேலே ஒரு பரண் இருந்தது. நீளம் 9 அடி, அகலம் 7 அடி, மிக உயர்ந்த இடத்தில் 3 அடி. நிமிர்ந்து நிற்க இடமில்லை. எலிகள் உடம்பின்மேல் ஓடின. கோடையில் மேலே கூரை கொதித்தது. குளிர்காலத்தில் கால்கள் மரத்துப்போயின. மரத்தில் துளையிடும் ஒரு சிறு கருவி கையில் தட்டுப்பட்டது; அதைக்கொண்டு சுவரில் ஓர் ஓட்டை உண்டாக்கினார். அதன் வழியாகத் தெருவில் நார்காம் நடந்துபோவதையும், தம் பிள்ளைகள் விளையாடுவதையும் பார்த்தார். பிள்ளைகளைக் கூப்பிட முடியாது. கிறிஸ்துமஸ் வந்தபோது அவர்களுக்குப் பரணிலிருந்தே துணியும் பொம்மையும் தைத்தார். நார்காமைத் திசைதிருப்பக் கடிதங்கள் எழுதி, நியூயார்க்கிலிருந்து தபாலில் சேர்க்கச் செய்தார். இப்படி ஏறக்குறைய ஏழு ஆண்டுகள்! நாம் வளர்ந்த வீடுகளிலும் பரண் இருந்தது. பண்டிகைக்கு எடுக்கும் பாத்திரங்களும் பழைய பெட்டிகளும் வைக்குமிடம். அதிலே ஒரு பகல் படுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

1842-இல் கப்பலில் மறைந்து பிலடெல்பியா நகரை அடைந்தார். துறைமுகத்தில் அவரை ஏற்றுக்கொண்டவர் பெத்தேல் ஆலயத்தின் ஊழியர் ஜெரமையா டர்ஹாம். தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்தவர். குடும்பத்தைப்பற்றி அவர் விசாரித்தபோது, ஹாரியட் மறைக்க விரும்பாமல் பிள்ளைகளின் பிறப்பைக் குறித்து உண்மையைச் சொன்னார். போதகர் அன்போடுதான் கேட்டார். பின்பு ஓர் அறிவுரை தந்தார். எல்லாரிடமும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசவேண்டாம். இரக்கமற்றவர்கள் இதையே சாக்காக வைத்து உங்களை அவமதிப்பார்கள் என்றார். அவமதிப்பு என்ற அந்த ஒரு சொல் நெருப்பாய்ச் சுட்டது என்று ஹாரியட் எழுதுகிறார். அவருடைய நல்லெண்ணத்தை அவர் சந்தேகிக்கவில்லை. புண்படுத்தவேண்டுமென்று அவர் சொல்லவில்லை என்பதையும் அறிந்திருந்தார். ஆனாலும் சொல் சுட்டது.

நான் புத்தகத்தை மூடி வைத்தது இந்த இடத்தில்தான்.

அன்பானவர்களே, அந்தப் போதகர் பொய் சொல்லவில்லை. உலகம் அவர் சொன்னபடிதான் நடந்துகொள்ளும். நான் பீடி சுற்றிய தாயாரிடம் சொன்னதும் பொய்யல்ல. ஆனால் இப்படிப்பட்ட ஆலோசனையைக் கேட்கிறவர் காதில் விழுவது வேறு. "நானும் அதைப் படிக்கும்போது உன்னை அப்படித்தான் எண்ணினேன்" என்று விழுகிறது. எச்சரிக்கை என்ற பெயரில் நம் கூச்சத்தையே அவர் தலையில் வைத்து அனுப்பிவிடுகிறோம்.

ஹாரியட் நியூயார்க்கில் ஒரு பத்திரிகையாளர் வீட்டில் குழந்தை வளர்க்கும் பணியில் சேர்ந்தார். 1849-இல் ராச்செஸ்டர் நகரில் ஏமி போஸ்ட் என்ற குவேக்கர் பெண்மணியின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கினார். அடிமை ஒழிப்பிலும் பெண்கள் உரிமையிலும் முன்நின்றவர் ஏமி. ஹாரியட் மெல்லமெல்ல அவரிடம் தம் கதையைச் சொன்னார். ஏமி அந்த நாட்களைப்பற்றி எழுதிய குறிப்பு நூலின் கடைசியில் இருக்கிறது. சொல்லும்போது ஹாரியட் மிகவும் அழுதாராம். அவர் படும் வேதனையைக் கண்டு, இந்தக் கதை பரிசுத்தமானது, கேள்வி கேட்டு இதை உருவக்கூடாது என்று ஏமிக்குத் தோன்றிற்றாம். கூடவோ குறையவோ, விரும்பிய அளவு சொல்லும்படி அவரை விட்டுவிட்டாராம். இதை நான் பலமுறை படித்தேன். இறையியல் கல்லூரியில் எங்களுக்கு ஆலோசனை ஊழியம் ஒரு பாடமாக இருந்தது. அதில் கற்றவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சிறு குறிப்பில் அடங்கியிருக்கிறது.

இதை எழுது என்று வற்புறுத்தியவரும் ஏமிதான். ஹாரியட் தயங்கினார். உற்ற தோழியின் காதில் இரகசியமாகச் சொல்வது எளிது, உலகம் படிக்க எழுதுவது கடினம் என்று ஏமிக்கே கடிதம் எழுதினார். இதற்கிடையில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் கடுஞ்சட்டம் 1850-இல் வந்தது. நார்காம் குடும்பத்தார் நியூயார்க்குவரை தேடி வந்தார்கள். 1852-இல் அவர் பணிபுரிந்த வீட்டின் எஜமானி கொர்னீலியா வில்லிஸ் அவர்களுக்குப் பணம் கொடுத்து ஹாரியட்டின் விடுதலையை வாங்கினார். தொகை 300 டாலர். பாட்டியார் பிஸ்கட் விற்றுச் சேர்த்து இழந்த அதே தொகை! ஹாரியட் நன்றியுடையவராயிருந்தார், ஆனால் தாம் ஒருபோதும் எவருக்கும் உடைமையாயிருக்கவில்லை என்று நம்பியவருக்கு, தம்மை விற்றதாக ஒரு ரசீது இருப்பது வலித்தது.

எழுதுவதென்று முடிவு செய்தபோது, தாமே எழுத முடியும் என்ற துணிவு அவருக்கு முதலில் இல்லை. 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலால் உலகப் புகழ் பெற்றிருந்த ஹாரியட் பீச்சர் ஸ்டோ அம்மையார் தம் கதையை எழுதித் தருவாரா என்று ஏமியின் மூலமாகக் கேட்டார். ஸ்டோ அம்மையார் அந்தக் கடிதத்தை அப்படியே கொர்னீலியா வில்லிஸுக்கு அனுப்பி, இதெல்லாம் மெய்தானா என்று விசாரித்தார். அதுவரை எஜமானியிடம் ஹாரியட் சொல்லாதிருந்த இரகசியம் அப்படி வெளிப்பட்டது. மெய்யென்றால் தாம் எழுதிக்கொண்டிருந்த வேறொரு நூலில் சேர்த்துக்கொள்வதாகவும் ஸ்டோ தெரிவித்தார். நன்மை செய்ய நினைக்கிறவர்களும் பிறருடைய சாட்சியைத் தங்கள் கைப்பொருளாக எண்ணிவிடுகிறார்கள். நற்செய்திக் கூட்ட மேடைகளிலும் இதை நான் பார்த்திருக்கிறேன். ஹாரியட் மனம் நொந்தார். அதன்பின் தாமே எழுதத் தொடங்கினார். முதலில் 1853-இல் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகைக்குப் பெயரிடாத கடிதங்கள். அதே ஆண்டு பாட்டியார் இறந்துபோனார். பிறகு நூல்.

பகலெல்லாம் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, இரவில் எழுதினார். அவ்வீட்டுத் தலைவர் அடிமை முறைக்கு ஆதரவானவர் என்று ஐயுற்றதால், எழுதுவதையே மறைத்தார். ஒரு பரணிலிருந்து வெளியே வந்தவர், தம் கதையை எழுத இன்னொரு மறைவுக்குள் போகவேண்டியிருந்தது. 1858-இல் எழுதி முடித்தார்.

உலகத்திற்குச் சொல்லுமுன் அவர் தம் மகளுக்குச் சொல்லியிருந்தார். லூயிசா விடுதிப் பள்ளிக்குப் புறப்படவிருந்த ஓர் இரவு. தகப்பனைப்பற்றி வேறொருவர் வாயால் அவள் கேட்கும்படி விடக்கூடாது என்று நினைத்துத் தாய் பேசத் தொடங்கினார். பாதியிலேயே மகள் தாயைக் கட்டிக்கொண்டு, போதும் அம்மா, எனக்கு எல்லாம் தெரியும் என்று தடுத்துவிட்டாள். தகப்பன் வீட்டில் வேலைக்காரச் சிறுமியாயிருந்த நாட்களில், தம்மைப் பார்த்து அவர் ஒருமுறையாவது சிரிக்கமாட்டாரா என்று ஏங்கியதையும் சொன்னாள். தாய் இத்தனை ஆண்டுகள் பயந்தது இந்த மகளுக்குத்தான். அவளோ முன்பே அறிந்து, முன்பே நேசித்திருந்தாள்.

பதிப்பிக்க இன்னும் மூன்று ஆண்டுகள் அலைந்தார். இங்கிலாந்து போயும் கைகூடவில்லை. ஒரு பதிப்பகம் புகழ்பெற்றவர் ஒருவரின் முன்னுரை கேட்டது. கிடைக்குமுன் அது மூடப்பட்டது. மற்றொரு பதிப்பகத்திற்காக லிடியா மரியா சைல்ட் என்ற எழுத்தாளர் முன்னுரை தந்து, வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். சொற்களைச் சிறிதளவே மாற்றியதாக அவரே கூறுகிறார். அந்தப் பதிப்பகமும் நொடித்தது. ஹாரியட் அச்சுத் தகடுகளை விலைக்கு வாங்கி, 1861 ஜனவரியில் தாமே நூலை வெளியிட்டார். 'ஓர் அடிமைப் பெண்ணின் வாழ்வில் நடந்தவை' என்பது தலைப்பின் பொருள். தானே எழுதியது என்றும் அதில் உண்டு. ஆனால் எழுதியவர் பெயர் இல்லை. நூலுக்குள் அவர் லிண்டா பிரென்ட். நார்காம் டாக்டர் ஃபிளின்ட் ஆனார், சாயர் திரு. சாண்ட்ஸ், பாட்டியார் மார்த்தா அத்தை. ஊர்ப்பெயரையும் மறைத்தார்.

பெயரை மறைத்தார், செய்தியை மறைக்கவில்லை. மாற்கு 5-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கினால் வருந்திய பெண், நடுங்கிக்கொண்டே ஆண்டவர் முன் நடந்தது முழுவதையும் எடுத்துரைக்கிறாள். அவளுடைய நோயைச் சுவிசேஷகர் எழுதியிருக்கிறார்; பெயரை எழுதவில்லை. இதை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன், பெயரில்லாததை மட்டும் கவனித்ததேயில்லை.

முன்னுரையில் ஹாரியட் தம் நோக்கத்தைத் தெளிவாகச் சொல்லுகிறார். மௌனமாயிருப்பதே தமக்கு இனிதாயிருந்திருக்கும். தம் பாடுகளுக்காக எவரும் இரங்கவேண்டுமென்று எழுதவில்லை. தெற்கே இன்னும் கட்டுண்டிருக்கும் இருபது லட்சம் பெண்களின் நிலையை வடக்கேயுள்ள பெண்கள் உணரவேண்டும் என்பதற்காகவே எழுதினேன் என்கிறார். சாயரோடு ஏற்பட்ட உறவை எழுதும் அதிகாரத்தில் சாக்குச் சொல்லவில்லை. அது வேதனையும் வெட்கமும் தருகிறது என்கிறார். தெரிந்தே செய்தேன் என்கிறார். அதோடு, அடிமைப் பெண்ணை மற்றப் பெண்களுக்குரிய அதே அளவுகோலால் அளக்கலாகாது என்றும் துணிந்து சொல்லுகிறார். அந்த அதிகாரத்தை எடுத்துவிட்டால், அடிமை முறை ஒரு பெண்ணை எந்த இடுக்கில் கொண்டுபோய் நிறுத்தியது என்பது எவருக்கும் விளங்காது. சாட்டையடிகளைப் பல நூல்கள் சொல்லிவிட்டன. இதைச் சொல்ல இவர் வேண்டியிருந்தது.

திருச்சபையைக் குறித்தும் ஓர் அதிகாரம் உண்டு. எபேசியர் 6-ஆம் அதிகாரத்தை எடுத்து, அடிமைகள் கீழ்ப்படியவேண்டும் என்று பிரசங்கித்த ஊழியரை நன்றாகவே தோலுரிக்கிறார். நார்காம் சபையில் அங்கத்தினராகச் சேர்ந்தபின் முன்னிலும் மோசமாக நடந்தார் என்கிறார். அதே அதிகாரத்தில் 53 வயதுக் கறுப்பின முதியவர் ஒருவர், வேதம் வாசிக்க ஆசைப்பட்டு எழுத்துக் கற்றுத்தரும்படி ஹாரியட்டை வேண்டுகிறார். கற்பிப்பது குற்றம், கசையடியும் சிறையும் கிடைக்கும். ஹாரியட் இரகசியமாகக் கற்பித்தார். ஆறு மாதம் முடியுமுன் அம்முதியவர் புதிய ஏற்பாடு முழுவதையும் வாசித்துவிட்டார். நம்மில் பலர் வீட்டில் மூன்று வேதாகமங்களை வைத்துக்கொண்டு வருடத்திற்கு ஒருமுறைகூட முடிக்காமலிருக்கிறோம். இது வேறு பேச்சு, விடுகிறேன்.

நூல் வெளிவந்த மூன்று மாதங்களில் உள்நாட்டுப் போர் தொடங்கிற்று. நாட்டை அது புரட்டிப்போட்டது என்று சொன்னால் மிகையாகும். ஆனால் லிண்டா என்ற பெயருக்குக் கதவுகள் திறந்தன. 1862-இல் வாஷிங்டனிலும் வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நகரிலும், அடிமைத்தனத்திலிருந்து ஓடிவந்து நோயிலும் குளிரிலும் செத்துக்கொண்டிருந்த அகதிகளிடையே பணி செய்யப் போனார். அவர்கள் நிலைமையை விவரித்து லிபரேட்டர் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் லிண்டா என்றே கையொப்பமிட்டார். வடக்கேயிருந்து துணியும் பணமும் வந்தன. 1864-இல் அங்கே ஒரு பள்ளி திறக்கப்பட்டது. அதற்கு ஜேக்கப்ஸ் பள்ளி என்று பெயர். ஆசிரியைகளில் ஒருவர் லூயிசா. எந்தப் பிள்ளைக்குச் சொல்ல அஞ்சினாரோ, அந்தப் பிள்ளையும் தாயுமாகச் சேர்ந்து செய்த ஊழியம் அது.

1897 மார்ச் 7 அன்று ஹாரியட் ஜேக்கப்ஸ் வாஷிங்டனில் காலமானார். கேம்பிரிட்ஜ் நகர் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறையின்மேல் ரோமர் 12-ஆம் அதிகாரத்தின் வார்த்தைகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நூலோ மறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பலர் அதை லிடியா சைல்ட் புனைந்த நாவல் என்றே எண்ணினார்கள். ஜான் பிளாசிங்கேம் என்ற சிறந்த வரலாற்றாசிரியரே 1972-இல் அது நம்பத்தகாதது என்று ஒதுக்கினார். பின்பு ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர், ஏமி போஸ்ட் பத்திரப்படுத்தியிருந்த ஹாரியட்டின் கடிதங்களை ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்து, நூலிலுள்ள நடையே கடிதங்களிலும் இருப்பதைக் கண்டார். 1981-இல் அதை எழுதினார்; 1987-இல் ஆசிரியர் பெயரோடும் சான்றுகளோடும் நூல் மீண்டும் வெளிவந்தது. உயிர்த்தெழுதலின் காலையில் கல்லறையிலிருந்து ஓடிவந்த பெண்களின் வார்த்தையையும் அப்போஸ்தலர்கள் நம்பவில்லை என்பதை அறிவீர்கள். ஏமி அன்று கேட்டதோடு நில்லாமல் கடிதங்களையும் எறியாமல் வைத்திருந்ததால்தான், நூற்றிருபது ஆண்டுகளுக்குப்பின் சாட்சி நிலைநின்றது.

சென்ற மாதம் பேருந்தில் நான்கு மணி நேரம் பயணம் செய்து அந்தப் பழைய சேகரத்திற்குப் போனேன். தாயாருக்கு முடி நரைத்துவிட்டது. பீடித் தட்டு இப்போது மடியில் இல்லை. கண் சரியாகத் தெரியவில்லை என்றார். காபி கொடுத்தார். நோட்டைப்பற்றிக் கேட்டேன். "நீங்கள் சொன்னபடி அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன், ஐயா. அதன்பிறகு மீதியை அச்சிட மனம் வரவில்லை" என்றார். நான் சொன்னது தவறு, என்னை மன்னியுங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்துபோய், அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து நான்காய் மடித்த தாள்களை எடுத்துவந்து காட்டினார். எரித்திருக்கவில்லை.

"இப்போது அச்சிடலாமா?" என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவரே சொன்னார்: "மூத்த மகளுக்கு இது இன்னும் தெரியாது, ஐயா. கிறிஸ்துமஸுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வருவாள். முதலில் அவளிடம் சொல்லவேண்டும்." ஹாரியட் ஜேக்கப்ஸைப்பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

இவ்வளவையும் உங்களுக்கு எழுத அவருடைய அனுமதி பெற்றிருக்கிறேன். ஊரும் பேரும் வேண்டாம் என்றார். பண்டிகை நாட்களில் உங்கள் குடும்ப ஜெபத்தில் ஒரு தாயையும் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்